இடுப்பில் ஒரு கத்தி

நேயர்களுக்கு வணக்கம்.

இடுப்பில் கத்தி வைத்துக்கொள்வதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் வானொலி நிலையத்தில் கொஞ்சம் யோசித்தார்கள். நியாயம்தான். கத்தி என்றதுமே நமக்கு சினிமா ஞாபகம் வந்துவிடுகிறது. சண்டைக்காட்சியில் ஒருவர் கையைத் தூக்கிப் பின்கழுத்துக்குக் கொண்டுபோவார், சட்டைக்குள்ளிருந்து முழ நீளத்துக்கு அரிவாளை உருவுவார். எனக்கு எப்போதும் வருகிற சந்தேகம் ஒன்றுதான். அந்த அரிவாள் இவ்வளவு நேரம் எதற்குள் இருந்தது? உறை கிடையாது. வெறும் இரும்பு முதுகில் தொங்குகிறது. மனிதர் அதோடு பஸ்ஸில் வந்திருக்கிறார், டீக்கடை பெஞ்சில் சாய்ந்திருக்கிறார். எதிரி வருவதற்கு முன்பே இவருக்குத் தையல் போட வேண்டி வந்திருக்கும்.

நான் தோல் தொழிலில் இருந்தவன். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் செருப்பும் பெல்ட்டும் பையும் தைத்தவர்கள் நிறையப் பேர். என் கைக்கு வந்து சேர்ந்தது கத்தி உறை. மடக்குகிற பேனாக்கத்திக்கு உறை தேவையில்லை, அதன் பிடியே உறைதான். நான் சொல்வது மடங்காத கத்தி. பிடியும் அலகும் ஒரே நீட்டாக இருக்கிற, எந்நேரமும் கூர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற கத்தி. அதைத் தினமும் உடம்போடு எடுத்துப்போகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். என்னிடம் யார் பேச வந்தாலும் "எந்தக் கத்தி சார் நல்லது?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். எந்த உறை நல்லது என்று ஒருவரும் கேட்டதில்லை. ஒரு நாளில் கத்தி வெளியே இருப்பது கொஞ்ச நேரம். மிச்ச நேரமெல்லாம் அது உறையில், உங்கள் உடம்போடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. நீங்கள் சுமப்பது உறையைத்தான். இதை இன்னும் நாலு தரம் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உடன்குடிப் பக்கம் ஒரு பனையேறியைப் பார்க்கப் போயிருந்தோம். என்னோடு வந்த நண்பர் கத்திப் பிரியர். வெளிநாட்டுக் கத்தி ஒன்றை பெல்ட்டில் மாட்டியிருந்தார். அழகான உறை, மேலே பட்டன் வைத்த வார். பதநீர் இறக்கும் பருவம். பெரியவர் அப்போதுதான் மரத்திலிருந்து இறங்கி வந்தார். இடுப்பில், பின்பக்கமாகச் சாய்ந்தாற்போல, அரிவாள்பெட்டி. பாளை மட்டையை வளைத்துக் கட்டிய, விறைப்பான, வாய் அகன்ற ஒரு கூடு. அதற்குள் பாளை சீவுகிற அரிவாள் இருந்தது. அவர் நண்பரின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "தம்பி, இத ஒத்தக் கையால எடுத்து, ஒத்தக் கையால திருப்பி வைப்பியளா? பாக்காம?"

நண்பர் முயன்றார். எடுப்பது சுலபமாக வந்தது. கட்டைவிரலால் பட்டனைத் தட்டினார், உருவினார். வைக்கிறபோதுதான் சிக்கல். வார் உறையின் வாயில் வந்து விழுந்து கிடக்கிறது. அதை ஒதுக்க இன்னொரு கை வேண்டும். குனிந்து பார்க்கவும் வேண்டும். பெரியவர் சிரிக்கவில்லை. "அங்க மேல இன்னொரு கை ஏது?" என்றார், அவ்வளவுதான்.

யோசித்துப் பாருங்கள். பனை உச்சியில் மட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறார். ஒரு கை மட்டையைப் பிடித்திருக்கிறது. இன்னொரு கையால் அரிவாளை எடுத்துப் பாளையின் நுனியை மெல்லிசாக, காகிதம் போல ஒரு சீவு. பிறகு அரிவாளை உள்ளே போட வேண்டும். சுண்ணாம்பு தடவிய கலயத்தைப் பாளையில் மாட்ட வேண்டும். கண் முழுக்கப் பாளையில். அரிவாளை வைக்கிற இடத்தைப் பார்க்க அவருக்குக் கண்ணும் மிச்சமில்லை, கையும் மிச்சமில்லை. கூட்டின் வாய் அகலமாக இருப்பது இதற்காகத்தான். அலகு கூட்டின் வாய்க்குள் நுழைந்ததுமே கை விட்டுவிடலாம், மிச்சத்தை எடை பார்த்துக்கொள்ளும். அவர் எங்களுக்குச் செய்து காட்டினார். பேசிக்கொண்டே, எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே எடுத்தார், வைத்தார், எடுத்தார், வைத்தார். சத்தம்கூட ஒரே மாதிரி கேட்டது, "தொப்" என்று. அந்த அரிவாள் சவர பிளேடு அளவுக்குக் கூர். பாளை நசுங்கினால் பதநீர் சரியாக வடியாது, சீவ வேண்டும். அவ்வளவு கூரான அரிவாளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் மரம் மரமாக ஏறி இறங்குகிறார்.

கத்தியைக் கடையில் சோதிக்கிறவர்கள் காகிதத்தை வெட்டிப் பார்ப்பார்கள், கை முடியைச் சிரைத்துப் பார்ப்பார்கள். உறையைச் சோதிக்க அந்தப் பெரியவர் கேட்ட கேள்வி போதும். எடுக்கிறது பெரிய காரியம் இல்லை. திருப்பி வைக்கும்போதுதான் கை கிழிகிற ஆபத்து.

சரி, பின்பக்கம் என்றேனே, அதற்கு வருகிறேன். உங்கள் வலது இடுப்பில் கையை வைத்துப் பாருங்கள். அங்கே ஒரு சாண் நீளத்துக்குக் கெட்டியான ஒரு பொருள் நேராகத் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும்போது ஒன்றும் தெரியாது. உட்காருங்கள். பிடி விலாவில் குத்தும், நுனி தொடையில் அழுத்தும். குனிந்தால் வயிற்றில் இடிக்கும். அதனால்தான் குனிந்து நிமிர்ந்து, ஏறி இறங்கி வேலை செய்கிற மக்கள் எங்கெங்கோ இருந்துகொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமலே, ஒரே இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். முதுகின் அடிப்பக்கம்.

குடகில் பாருங்கள். கொடவர்களின் ஒடிக்கத்தி அகலமான, வளைந்த வெட்டுக்கத்தி. அதற்கு உறையே கிடையாது. தொடங்கு என்று பித்தளையில் ஒரு கொக்கி மாதிரி அமைப்பு, இடுப்பின் பின்னால் பட்டையில் இருக்கும், அதில் கத்தியைச் செருகிக்கொள்வார்கள். நாகாலாந்தில் தாவ் என்கிற வெட்டுக்கத்திக்கு மரக்கட்டையைக் குடைந்து ஒரு தாங்கி, அதுவும் முதுகுப்பக்கம்தான். இத்தாலியில் திராட்சைத் தோட்டக்காரர்கள் வளைந்த கவாத்துக் கத்தியை பெல்ட்டின் பின்னால் ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்வார்கள்.

நமக்குத் தெரிந்த கூர்க்காவை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி விசில் ஊதிக்கொண்டு தெருவில் வருகிறவரின் இடுப்பில் சின்ன வயதில் நாம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்த வளைந்த கத்தி, குக்ரி. நேபாளத்துக் கிராமங்களில் அதை இடுப்பில் சுற்றிய பட்டுகா என்ற துணியில் செருகிக்கொள்வார்கள், பின்பக்கமாகக் கிடைவாட்டில். அதை வெளியே எடுத்தால் ரத்தம் பார்க்காமல் உள்ளே வைக்கக் கூடாது என்று ஒரு கதை நம் ஊரிலும் சுற்றுகிறது. அப்படியானால் அங்கே ஒரு வீட்டிலும் காய்கறி நறுக்க முடியாது, விறகு வெட்ட முடியாது. குக்ரி வீட்டு வேலைக்கான கத்தி. கதை கதைதான்.

ஆனால் குக்ரியின் உறையில் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. இரண்டு மரப்பாதிகளைச் சேர்த்து மேலே எருமைத்தோல் போர்த்தியிருப்பார்கள். பக்கத்திலேயே இரண்டு குட்டிக் கத்திகளுக்கு இடம். கர்தா என்பது சின்ன வேலைகளுக்கு, சக்மக் என்பது அலகின் கூர்மையைச் சரிசெய்யவும் சிக்கிமுக்கிக் கல்லில் தட்டித் தீ உண்டாக்கவும். உருவும்போது இடது கை உறையை எங்கே பிடிக்கிறது என்று பாருங்கள். கூர் இருக்கிற பக்கம் விரலைச் சுற்றிப் பிடிக்கவே மாட்டார்கள், அலகின் முதுகு இருக்கிற பக்கத்தைத்தான் பிடிப்பார்கள். பழைய உறையில் மரப்பாதிகளின் இணைப்பு விட்டுப்போயிருந்தால், உருவும் வேகத்தில் அலகு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து விரலை எடுத்துவிடும். வீட்டில் யாராவது நேபாளத்திலிருந்து வாங்கிவந்து ஷோகேஸில் வைத்திருந்தால், பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

பின்பக்கம் வைப்பதில் ஒரே ஒரு கெடுதல். மல்லாக்க விழுந்தால் முதுகெலும்பு அந்த இரும்பின் மேல் விழும். அதனால் நான் எப்போதும் சொல்வது, நடு முதுகில் வேண்டாம், கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி வையுங்கள். வழுக்குகிற இடத்தில் வேலை என்றால் பின்பக்கமே வேண்டாம்.

பின்லாந்துக்காரர்கள் வேறு வழி கண்டார்கள். அவர்களுடைய கத்தி புக்கோ. சின்னது, உள்ளங்கை அகலத்தை விடக் கொஞ்சம் கூட நீளமான அலகு. வேட்டை, மீன், மரவேலை, சமையல் எல்லாவற்றுக்கும் அதுதான். பக்கவாட்டில்தான் வைப்பார்கள், ஆனால் உறையை பெல்ட்டோடு இறுக்குவதில்லை. ஒரு வளையத்தில் தொங்கும், ஆடும். படகில் உட்கார்ந்தால் அது தானே ஒதுங்கிக்கொள்ளும். பட்டன் இல்லை, வார் இல்லை. கத்தியின் பிடியில் பாதிக்கு மேல் உறைக்குள் இறங்கிவிடும், தோலின் இறுக்கமே அதைப் பிடித்துக்கொள்ளும். எடுக்கும்போது கட்டைவிரலை உறையின் விளிம்பில் ஊன்றி ஒரு தள்ளு. குளிரில் கையுறை போட்ட விரலால் பட்டனோடு போராட முடியுமா? உடன்குடிப் பெரியவரின் கேள்விக்குப் பின்லாந்துக்காரர் எழுதிய பதில் என்று வைத்துக்கொள்ளலாம். ஒத்தக் கை. பார்க்காமல்.

இந்த இறுக்கம் எப்படி வருகிறது என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. தோலில் இரண்டு பதம் உண்டு. செருப்பின் மேல்தோலுக்கும் கைப்பைக்கும் வருவது பெரும்பாலும் குரோம் தோல், அதாவது குரோமிய உப்பில் பதனிட்டது. மெத்தென்று இருக்கும், எப்படி வளைத்தாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். இன்னொன்று பட்டையில் பதனிட்டது. நம் ஊரில் அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். பிறகு வாட்டில் என்கிற மரத்தின் பட்டை வந்தது. இந்தத் தோலைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்தால் கையில் குழைகிறது. கத்தியை பிளாஸ்டிக் தாளில் சுற்றி உள்ளே வைத்து, விரலால் அழுத்தி அழுத்தி உருவம் எடுத்துக் காயப்போட்டால், அந்த உருவம் அப்படியே நின்றுவிடும். இந்தக் கத்திக்கு இந்த உறை, வேறு கத்தி போகாது. குரோம் தோலில் இது நடக்காது. கடையில் தொளதொள உறையோடு கத்தி வாங்கினால் நடக்கும்போது அது மேலும் கீழும் குதிப்பது அதனால்தான்.

உறையின் தையல் பக்கத்தையும் பார்த்து வாங்குங்கள். இரண்டு தோலை மட்டும் சேர்த்துத் தைத்திருந்தால் கூர் நேராக நூலின் மேல் போய் உட்காரும், கொஞ்ச நாளில் நூலை அறுத்துவிடும். நடுவே மூன்றாவதாக ஒரு தோல் பட்டை இருக்க வேண்டும். கூர் அந்தப் பட்டையில் மோதும், நூல் பிழைக்கும். உறையின் விளிம்பைப் பார்த்தாலே மூன்று அடுக்கா இரண்டு அடுக்கா என்று தெரிந்துவிடும். இப்போது கைடெக்ஸ் என்று ஒரு பிளாஸ்டிக் உறை வருகிறது. சூடாக்கி அழுத்தி உருவம் எடுப்பது. மழைக்கும் மீன்வேலைக்கும் அது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் எடுக்கும்போது வருகிற அந்த "டக்" சத்தம் எனக்குப் பிடிப்பதில்லை. இது தோல்காரன் பேச்சு என்று தள்ளிவிடுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டுகிறார்கள். மறைத்து வைப்பதா, தெரிய வைப்பதா என்று பேச நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தில் பாவாடை மாதிரி உடுத்தும் கில்ட்டோடு, காலுறையின் மேல்விளிம்பில் ஒரு சின்னக் கத்தி செருகியிருப்பார்கள், பிடி மட்டும் வெளியே தெரியும். முன்பு அது அக்குளில் ஒளிந்திருந்தது, விருந்துக்குப் போன வீட்டில் மரியாதைக்காக வெளியே தெரிய வைத்தார்கள் என்று சொல்வார்கள். கொடவர் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் இடுப்புப் பட்டில் பீச்சேக்கத்தி என்கிற குத்துவாள் முன்னால் பளபளவென்று தெரியும். சீக்கியர்களின் கிர்பான் என்கிற கத்தி தோளிலிருந்து குறுக்காக வருகிற காத்ரா பட்டையில் தொங்கும். அதை அணிவது அவர்கள் சமயத்தின் பகுதி என்று நம் அரசியல் சட்டத்தின் 25வது பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறது.

சட்டம். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் அதன் விதிகளும் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைத் தனியாகப் பார்க்கின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றை அதில் சேர்ப்பதில்லை. ஆனால் திருவிழாவிலும் கூட்டத்திலும் இடுப்பில் கத்தியோடு நின்றால் போலீஸ் கேட்கும், கேட்கத்தான் வேண்டும். பிரிட்டனில் பிள்ளைகள் படிக்கிறவர்கள் கவனியுங்கள். அங்கே 3 அங்குலத்துக்கு மிகாத, விரித்ததும் பூட்டிக்கொள்ளாத மடக்குக்கத்திக்கு மட்டும்தான் சலுகை. மடங்காத கத்தி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பொது இடத்தில் கொண்டுபோகச் சரியான காரணம் வேண்டும். வேலைக்கு அந்தக் கத்தி தேவை என்பது காரணம். சும்மா பையில் கிடந்தது என்பது காரணம் ஆகாது.

கடைசியாக ஒன்று. வேலை முடிந்ததும் கத்தியைத் தோல் உறைக்குள்ளேயே நாள்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பட்டைத்தோலும் ஈர இரும்பும் சேர்ந்தால் இரண்டும் கறுத்துப்போகும், துருவும் பிடிக்கும். துடைத்து, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் தனியாக வையுங்கள். உறையை நிழலில் காயப்போடுங்கள், வெயிலில் வேண்டாம். வணக்கம்.