டாக்டர் ஃபீல்குட்: அந்த இரண்டாவது கிடார்காரர் யார்? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

டாக்டர் ஃபீல்குட் என்ற பிரிட்டிஷ் ராக் பேண்டைப் பற்றிய போன பேச்சைக் கேட்டுவிட்டு ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "டாக்டர் ஃபீல்குட் பேண்டில் ஒரே ஒரு கிடார்தான் என்றீர்கள். ஹெட்ஃபோனில் கேட்டால் தாளத்தோடு ரிதம் ஒருவர், மெட்டாக லீட் ஒருவர் வாசிப்பது போலத்தானே இருக்கிறது? ஸ்டுடியோவில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிவு செய்ததா?"

இதைப் படித்ததிலிருந்து எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். முதல்முறை கேட்டபோது நானும் கேசட் அட்டையைத் திருப்பித் திருப்பி இரண்டாவது கிடார்காரர் பெயரைத் தேடியிருக்கிறேன்.

ஒருவர்தான் தம்பி, வில்கோ ஜான்சன். 1976-இல் பிரிட்டனில் முதலிடத்துக்குப் போன 'ஸ்டுபிடிட்டி' ஆல்பம் ஷெஃபீல்டிலும் சவுத்எண்டிலும் மேடையிலேயே பதிவானது, அதிலும் இதே சத்தம்தான் கேட்கும். ஓரிரு பாட்டில் பாடகர் லீ பிரில்லோ ஸ்லைடு கிடார் எடுப்பார், அது வேறு கணக்கு.

வில்கோவிடம் பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) கிடையாது, வெறும் விரல்தான். பிறவியில் இடதுகைக்காரர், வலது கையால் வாசிக்கப் பழகியவர். ஜானி கிட் அண்ட் த பைரேட்ஸ் என்ற பேண்டில் வாசித்த மிக் கிரீன்தான் அவருக்கு ஆதர்சம், ரிதமும் லீடும் ஒரே ஆள் வாசிக்கும் வித்தை அங்கிருந்து வந்தது. வலது கை கம்பிகளின் மேல் நிற்காமல் போய்வந்துகொண்டே இருக்கும். கார்டு (பல சுரங்கள் ஒன்றாக ஒலிப்பது) நறுக்கென்று விழும், அது விழுந்த கையோடு இடையில் இரண்டு மூன்று சுரம் லீடாக எட்டிப் பார்க்கும், உடனே மறுபடி கார்டு.

வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், நான் ஓயாமல் சொல்வதுதான்: கிடாரில் அடிக்கிற கையைவிட அடக்குகிற கைதான் முக்கியம். வில்கோவின் இடது கை கம்பியை அழுத்தும், அடுத்த கணமே லேசாகத் தளர்ந்து சத்தத்தின் கழுத்தைப் பிடித்துவிடும். எதுவும் இழுபடாது. அந்த இடைவெளியில்தான் பேண்டின் மற்ற இருவரான ஸ்பார்க்ஸின் பேஸ் கிடாரும் 'பிக் ஃபிகர்' என்பவரின் டிரம்ஸும் தெளிவாகக் கேட்கின்றன, நம் காது அங்கே இன்னொரு கிடாரையும் சேர்த்துக்கொள்கிறது. நானும் ஒருநாள் பிக்கைத் தூர வைத்துவிட்டு விரலால் அடித்துப் பார்த்தேன். வலது கை எப்படியோ வந்துவிட்டது, நகக்கண்ணில் ரத்தத்தோடு. இடது கையால் அடக்குவதுதான் மாதக்கணக்கில் வரவில்லை.

சரி, இவ்வளவு சொன்ன பிறகு என் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் வில்கோவைப் பற்றியே கேட்கிறீர்கள், பாடகரைப் பற்றி ஏன் ஒருவர்கூடக் கேட்பதில்லை? தேம்ஸ் கடலில் சேருமிடத்தில், எண்ணெய்த் தொட்டிகள் வரிசையாக நிற்கிற கான்வி தீவிலிருந்து கிளம்பி, லண்டன் பப்களில் புகைக்கும் வியர்வைக்கும் நடுவே அழுக்கேறிய வெள்ளை சூட்டில் நின்று பாடிய மனிதர் பிரில்லோ. அந்தக் கரகரத்த குரலும் மவுத் ஆர்கனும் இல்லையென்றால் வில்கோவின் கிடார் யாருக்குப் பதில் சொல்லும்? 1976-இல் ஸ்டிஃப் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனி தொடங்க 400 பவுண்ட் கடன் கொடுத்தவரும் இவர்தான், பங்க் என்ற முரட்டு ராக் இசையில் பிரிட்டனின் முதல் சிங்கிள் அந்தக் கம்பெனியிலிருந்துதான் வந்தது.

1977-இல் வில்கோ விலகினார். பேண்ட் அதோடு முடிந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு, எனக்கு அதில் சம்மதமே இல்லை. ஜிப்பி மேயோ கிடாருக்கு வந்தார், 1979-இல் பிரிட்டனில் முதல் பத்துக்குள் ஒரு பாட்டு போனது. அப்புறமும் பிரில்லோ வருடம் முழுக்க ஊர் ஊராகப் பாடிக்கொண்டே இருந்தார். 1994 ஜனவரியில், புற்றுநோய் முற்றிய நிலையில், கான்வியிலேயே பேண்டின் பெயரில் இருந்த பாரில் பாடினார், அதுவும் பதிவாகியிருக்கிறது. ஏப்ரலில் போய்விட்டார், வயது 41. தம்பி, அந்தப் பதிவைத் தேடிக் கேளுங்கள், இந்த முறை கிடாரை விட்டுவிட்டுக் குரலை மட்டும்.