அவரைக்கொட்டை சூட்டும் கிரீடம்

[காட்சி: தட்டில் ஒரு கேக் துண்டு. முள்கரண்டி மெல்ல இறங்குகிறது.]

இந்தக் கேக்கைக் கடிக்கும்போது பல் ஜாக்கிரதை. உள்ளே காய்ந்த அவரைக்கொட்டை ஒன்று ஒளிந்திருக்கிறது. யார் வாயில் அது அகப்படுகிறதோ, அவர்தான் இன்றிரவு ராஜா.

ஊர் செயிண்ட் ஜெனவீவ். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது. குழந்தை இயேசுவைக் காண வந்த மூவரின் நினைவாக நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் ‘மூன்று ராஜாக்கள் திருநாள்’ என்கிறார்களே, ஜனவரி 6, அதன் பெயரால் இங்கே ஆண்டுதோறும் ‘ராஜாக்களின் நடனம்’ நடக்கிறது. பலர் 18ஆம் நூற்றாண்டுக் கோட்டும் நீளப் பாவாடையுமாக வருகிறார்கள். பிடில் ஒலிக்கிறது, ஜோடிகள் ஆடுகின்றன. நடுவில் கேக் வருகிறது. ஆண்கள் ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொள்கிறார்கள். கொட்டை கிடைத்தவர் தன் ராணியைத் தேர்ந்தெடுக்கிறார்.

இது பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த ஊர். அமெரிக்காவின் நட்ட நடுவில் அவர்களுக்கு என்ன வேலை?

[காட்சி: பழைய வரைபடம். மிசிசிப்பி ஆறு.]

கோதுமை விளைக்க வந்தார்கள். கனடாவிலிருந்து இறங்கி வந்த குடும்பங்கள் இந்த ஆற்றங்கரையில் ஊர்கள் அமைத்து, நியூ ஆர்லியன்சுக்குப் படகில் மாவு அனுப்பின. இந்தப் பகுதி முழுவதும் 1719 முதல் 1731 வரை ஒரே வணிக நிறுவனத்தின் கையில் இருந்தது. அந்த ஆண்டுகளில் புதுச்சேரியை நடத்தியதும் அதே நிறுவனம்தான். 1763ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையில் புதுச்சேரி பிரான்சுக்குத் திரும்பக் கிடைத்தது. மிசிசிப்பியின் கிழக்குக் கரை ஆங்கிலேயருக்குப் போனது. ஆங்கிலேயர் ஆட்சியில் இருக்க விரும்பாத பலர் ஆற்றைக் கடந்து செயிண்ட் ஜெனவீவுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1785இல் பெருவெள்ளம் வந்தபின் ஊரையே மேட்டுக்கு மாற்றினார்கள். மரத்தூண்களை நிமிர்த்தி வரிசையாக நிறுத்திக் கட்டிய அவர்களுடைய வீடுகள் சில இன்றும் நிற்கின்றன.

கொண்டாட்டம் ஜனவரி 6க்கு முன்பே தொடங்கிவிடும். டிசம்பர் 31 இரவில் வேடமிட்ட ஒரு கூட்டம் பிடிலுடன் பாடிக்கொண்டே வீடு வீடாகப் போகும். இதற்கு ‘லா கியானே’ என்று பெயர். வீட்டுக்காரரையும் வீட்டுக்காரியையும் வணங்கிவிட்டு, பன்றியின் முதுகுக்கறி ஒரு துண்டு கேட்பார்கள். அதை வைத்து 90 அடி நீளத்துக்குக் கறி சமைக்கப்போவதாக ஜம்பம் அடிப்பார்கள். ஒன்றும் தர மனமில்லையா? சரி, மூத்த மகளைக் கொடுங்கள்! அந்தக் காலத்தில் இப்படித் திரட்டிய பொருள்கள்தான் ராஜாக்கள் திருநாள் விருந்துக்குப் போயின. எதிர்க்கரையில் உள்ள பிரெரி து ரோஷே ஊரார், 1722இல் ஊர் உண்டான நாள் முதல் இந்தப் பாட்டு ஓராண்டும் நின்றதில்லை என்கிறார்கள். இன்று பாடுபவர்களில் பெரும்பாலோருக்குப் பிரெஞ்சு தெரியாது. சொற்களை மனப்பாடம் செய்து பாடுகிறார்கள்.

எனக்கு இதில் பிடித்தது பழைய கணக்கு. அந்தக் காலத்தில் கேக்குக்குள் நான்கு கொட்டைகள். நான்கு ராஜாக்கள், நான்கு ராணிகள். கிரீடத்தோடு செலவும் சேர்ந்து வரும்: அடுத்த நடனத்தை நடத்த வேண்டியது அவர்கள் பொறுப்பு. அங்கே மறுபடியும் கேக், மறுபடியும் கொட்டை. தவக்காலம் தொடங்கும்வரை இப்படியே ஓடும். நம் கோயில் மண்டகப்படி மாதிரி, மரியாதையும் பணப்பையும் ஒரே ஆளிடம். பழம்பெருமையைப் பேசிக்கொண்டிருந்தால் மட்டும் ஒரு வழக்கம் இத்தனை காலம் நின்றிருக்குமா? அடுத்த முறை யார் வீட்டில் அடுப்பு எரியும் என்பதை அன்றிரவே முடிவு செய்துவிட்டார்கள்.

அந்த அடுப்பின் முன்னால் நின்றது யார் என்பதையும் கேட்க வேண்டும். இந்த ஊர்களின் வயல்களிலும் சமையலறைகளிலும் ஆப்பிரிக்கர்களும் பூர்வகுடியினரும் அடிமைகளாக உழைத்தார்கள். பட்டுப் பாவாடையைப் படம்பிடிக்கும் கேமரா பெரும்பாலும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

[காட்சி: மண்டபம். தட்டுகள் காலியாகின்றன.]

இதோ, ஒருவர் மெல்லுவதை நிறுத்திக் கன்னத்தில் கை வைக்கிறார். சுற்றியிருப்பவர்கள் கைதட்டுகிறார்கள். அந்தக் காலமாக இருந்தால், கைதட்டல் ஓய்வதற்குள் அடுத்த விருந்தின் செலவு மனத்தில் ஓடியிருக்கும். கொட்டையைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் நின்ற கெட்டிக்காரர்களும் அன்று இருந்திருப்பார்கள் என்பது என் சந்தேகம்.