வருகைப் பதிவேட்டின் ஓரத்தில்

வணக்கம். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சாயங்கால நேரத்தில் பெரியவர்களுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலர்களோடுதான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். மற்றவர்களும் கேட்கலாம். உங்கள் வகுப்பைப் பற்றி நீங்களே செய்யக்கூடிய ஆராய்ச்சியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பயந்து ரேடியோவை அணைத்துவிடாதீர்கள், உங்கள் கையில் இருக்கிற வருகைப் பதிவேடும் ஒரு பேனாவும் போதும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.1 சதவீதம், தர்மபுரி மாவட்டத்தில் 68.5, மாநிலத்திலேயே கடைசி. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இதைச் சொல்லாமல் விடமாட்டார்கள். சரி, அந்த எண் எப்படி வந்தது? கணக்கெடுக்க வந்தவர் கேட்டார், வீட்டில் இருந்தவர் பதில் சொன்னார், எழுதிக்கொண்டு போனார்கள். யாரையும் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லிப் பார்க்கவில்லை. மாவட்டத்துக்குத் திட்டம் போட அது உதவும். உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிற பத்துப் பதினைந்து பேரில் யாருக்கு எது வரும், எது வராது என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

முதலில் கேள்வி சரியாக இருக்க வேண்டும். "பெண்களுக்குப் படிப்பில் ஏன் ஆர்வமில்லை?" என்று தொடங்கினால் பதிலை நீங்களே முடிவுசெய்துவிட்டீர்கள், இனித் தேட ஒன்றுமில்லை. "மாசி, பங்குனியில் எந்தெந்த நாளில் வருகை குறைகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பதிவேட்டின் ஓரத்தில் அன்றைக்கு ஊரில் என்ன நடந்தது என்று ஒரு சொல் எழுதிவையுங்கள்: புளி வேலை, நூறு நாள் வேலை, குழுக் கூட்டம், திருவிழா, தண்ணீர் வந்த நாள். புளி இறங்கும் காலத்தில் ஓடு உடைத்து, நார் எடுத்து, கொட்டை நீக்குகிற வேலை வீட்டுக்கே வந்துவிடும், கூலி எடைக்கு எவ்வளவோ அவ்வளவு. அந்தக் கூலியை விட்டுவிட்டு யார் வந்து 'அ' எழுதுவார்கள்? இரண்டு மாதம் இப்படிக் குறித்தால் 'ஆர்வமில்லை' என்று நினைத்ததில் பாதி வெறும் நேரப் பிரச்சினையாகத் தெரியக்கூடும். தெரியாமலும் போகலாம், அப்போது வேறு காரணத்தைத் தேட வேண்டியதுதான்.

நின்றுபோனவர்களை விட்டுவிட்டு வருகிறவர்களிடமே "வகுப்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்பதுதான் பல இடங்களில் நடக்கிறது. அவர்களுக்குப் பிடித்திருப்பதால்தானே வருகிறார்கள்! வராதவரைத் தேடிப் போங்கள், பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போகாமல். அதைப் பார்த்தாலே "உடம்பு சரியில்ல டீச்சர்" என்றுதான் பதில் வரும்.

நம் ஊரில் மரியாதை ஒரு பெரிய சிக்கல். "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டால் எழுபது வயதுப் பாட்டியும் "நல்லா புரிஞ்சுது கண்ணு" என்றுதான் சொல்வார், சொல்லிக்கொடுத்த பிள்ளை மனம் நோகக்கூடாதே என்று. அதனால் கேட்காதீர்கள், செய்யச் சொல்லுங்கள். பென்னாகரம் பஸ் எது என்று போர்டைப் பார்த்துச் சொல்லட்டும். கேஸ் பில்லில் தொகை எங்கே இருக்கிறது என்று காட்டட்டும். வகுப்பு தொடங்கும்போது ஒரு தடவை, மூன்று மாதம் கழித்து வேறு பில், வேறு போர்டு வைத்து இன்னொரு தடவை. அதே தாளைக் கொடுத்தால் நினைவில் இருந்து சொல்லிவிடுவார்கள்.

இங்கே ஒரு நல்ல வசதி உண்டு. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் 1989-இல் முதலில் தொடங்கியதே தர்மபுரி மாவட்டத்தில்தான், அப்போது கிருஷ்ணகிரியும் இதற்குள் இருந்தது. தீர்மானப் புத்தகம் வைத்திருக்கிற குழுக்கள் உங்கள் ஊரிலும் இருக்கும். குழு சம்மதித்தால் அதைப் புரட்டிப் பாருங்கள், யார் எப்போது கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு மாறினார் என்று தேதியோடு கிடைக்கும். ஆனால் கையெழுத்துப் போடுகிறவர் எல்லாம் படிக்கத் தெரிந்தவர் இல்லை. பெயரைப் படம் வரைகிற மாதிரி பழகியிருப்பார். அதே புத்தகத்தில் ஒரு தீர்மானத்தைப் படிக்கச் சொன்னால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

பிரேசிலில் பாவ்லோ ஃபிரெய்ரே என்ற கல்வியாளர் 1963-இல் அங்கிகோஸ் என்ற ஊரில் கூலித் தொழிலாளர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தபோது, பாடத்துக்கு முன்னால் அவருடைய குழு மக்கள் பேசுகிற சொற்களைத்தான் சேகரித்தது. பாடம் அந்தச் சொற்களிலிருந்து வந்தது. நீங்களும் ஒரு வாரம் டீக்கடையில், பட்டுக்கூடு ஏலத்தில், தக்காளி மண்டியில் காதைத் தீட்டிக்கொண்டு நில்லுங்கள். கூலி, மேஸ்திரி, அசல், வட்டி, கூடு, தரம் என்று வந்து விழும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் கலந்து வரும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பி.எட். படித்தவர்கள் செயலாராய்ச்சி என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருப்பீர்கள். கர்ட் லெவின் என்ற உளவியலாளர் 1946-இல் எழுதியது, ஒன்றைச் செய்துபார்த்து, விளைவைக் கவனித்து, மறுபடி திருத்திச் செய்வது. பாடப்புத்தகத்தில் அதைப் படித்தால் தூக்கம்தான் வரும். உங்கள் வகுப்பு நடக்கிற மையத்தில் செய்யும்போது ஒன்றே ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒரு சமயத்தில் ஒரு மாற்றம். நேரத்தை மாற்றி, இடத்தை மாற்றி, புத்தகத்தையும் மாற்றிவிட்டு "வருகை கூடிவிட்டது" என்றால் எதனால் கூடியது? ஒருவேளை புளி சீசன் முடிந்ததால்கூட இருக்கலாம். அப்புறம், பன்னிரண்டு பேர் வகுப்பில் மூன்று பேர் தேறினால் 25 சதவீதம் என்று எழுதாதீர்கள். பன்னிரண்டில் மூன்று என்றே எழுதுங்கள், படிக்கிறவருக்கு உண்மை நிலவரம் தெரியும்.

யாருடைய நோட்டையாவது போட்டோ எடுப்பதாக இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். கேட்காமல் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். மருமகளுக்குத் தெரியாமல் படிக்க வருகிற மாமியார்களும் இருக்கிறார்கள். அறிக்கையில் பெயர் வேண்டாம், வயதும் தொழிலும் போதும்.

பக்கத்து ஊர் மையத்தில் சொல்லிக்கொடுப்பவரிடமும் இதே மாதிரி குறித்துவைக்கச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் இரண்டு பதிவேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நன்றி, வணக்கம்.