நாலு வீலும் இழுக்கும், நிப்பாட்டாது

எல்லாருக்கும் வணக்கங்க. காரைக்குடியில டூரிஸ்ட் வேன் ஓட்டுற என்னையக் கூப்பிட்டு பனியில வண்டி ஓட்டுறதப் பத்திப் பேசுங்கன்னு சொல்லிருக்காக, கேக்குறவுகளுக்கு சிரிப்பாத்தான் வரும். ஆனா காசிக்குப் போற நம்மாளுக இப்பெல்லாம் அப்புடியே மணாலியும் பாத்துட்டு வந்துரலாம்ணேன்னு கேக்குறாக, அதுவும் ஜனவரியில.

2020-ல மணாலிக்கு மேல மலையக் கொடஞ்சு போட்ட அடல் டன்னல் தொறந்ததுலேர்ந்து, கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர் நீளம் அது, குளிர்காலத்துலயும் மலைக்கு அந்தப் பக்கம் இருக்குற லாஹுல் பள்ளத்தாக்குக்குப் போக முடியுது. பனி நல்லா விழுந்துச்சுன்னா கீழயே போலீஸ் நிப்பாட்டி ஃபோர்வீல் டிரைவ் வண்டியத்தான் மேல விடுவாக. நம்ம வேனு பின்வீல் இழுவை, ஆள எறக்கிவிட்டா பின்னாடி பாரம் இல்லாம வீலு நின்ன எடத்துலயே சுத்தும். அதனால உள்ளூர் வண்டி புடிக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

ஆனா ஃபோர்வீல்னு சொன்னவுடனே சில டிரைவருக்குக் கொம்பு மொளச்சுருது. அது இஞ்சின் இழுவைய நாலு சக்கரத்துக்கும் பிரிச்சுக் குடுக்கும், கெளம்புறதுக்கும் ஏத்தம் ஏறுறதுக்கும் பெரிய உதவிதான், பிரேக்குக்கு அதனால என்ன லாபம்? பிரேக்கு எல்லா வண்டிக்கும் நாலு வீல்லயும் ஏற்கெனவே இருக்கே! எண்ண போட்டுத் தொடச்ச ஆத்தங்குடிக் கல்லுல ஈரக்காலோட ஓடிப் பாருங்க, எறக்கத்துல ஐஸ் மேல வேனு அப்புடித்தான் போகும், உயரமான வண்டி வேற, மேல கேரியர்ல மூட்டைய ஏத்திருந்தா வளைவுல இன்னும் மோசம். எறக்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டாவது கியரோ மொதோ கியரோ போட்டு, லோ ரேஞ்ச், அதாவது வண்டிய இன்னும் மெதுவா இழுக்குற தனிக் கியர், இருந்தா அதையும் போட்டு, இஞ்சின் புடிமானத்துலயே எறக்கணும், நடுவுல போய் கியர் மாத்தக்கூடாது. கெளம்பும்போது ரெண்டாவது கியர், கிளச்ச மெதுவா விட்டா வீலு சுத்தாது.

லிவர் போட்டு மாத்துற பழைய டைப் ஃபோர்வீல காஞ்ச தார் ரோட்டுல போட்டுத் திருப்புனா ஸ்டியரிங் இறுகும், டயர் தேயும், பனி முடிஞ்சதும் எடுத்துறணும். 1985-ல வந்த ஃபோக்ஸ்வேகன் சின்க்ரோ வேன்ல அந்தத் தொல்லை இல்ல, முன்வீலும் பின்வீலும் வேற வேற வேகத்துல சுத்துனா உள்ள இருக்குற சிலிக்கோன் திரவம் இறுகி தானா முன்னாடிக்கும் இழுவைய அனுப்பிரும்.

எல்லாத்துக்கும் மேல டயரு. 7 டிகிரிக்குக் கீழ போனா நம்மூரு டயர் ரப்பர் வெறச்சுப்போய் ரோட்டப் புடிக்காது. பனி டயருக்கு அடையாளமா மூணு முகடு மலையும் நடுவுல பனிப்பூவும் போட்ட டயரான்னு குனிஞ்சு பாத்துட்டு ஏறுங்க. பனியில வழுக்காம இருக்க டயரச் சுத்தி மாட்டுற செயின் ஒரு ஜோடிதான் இருக்குன்னு முன்வீல்ல மட்டும் மாட்டுனா எறக்கத்துல பின்பக்கம் வெட்டிக்கிட்டுப் போயிரும்.

ராத்திரி நிறுத்துறப்ப அங்க டிரைவருக ஹேண்ட்பிரேக்க இழுக்க மாட்டாக, ஒறஞ்சு ஒட்டிக்கிரும், கியர்ல போட்டு வீலுக்குக் கல்லு முட்டு குடுத்துருவாக. டீசலும் மேல போய் போடணும், சமவெளி டீசல்ல மெழுகு கட்டி ஃபில்டர் அடைக்கும், காலையில வண்டி ஸ்டார்ட் ஆகாது. அதுக்குன்னே லடாக் பக்கம் மைனஸ் 33 டிகிரி வரைக்கும் ஒறையாத டீசல் 2019-லேர்ந்து குடுக்குறாக.