கொலைக்குக் காரணம் அந்த நூறு பக்கத்தில்தான் இருக்கிறது

நடுவர் அவர்களே, எதிரணியில் உட்கார்ந்து இப்போதே என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

உம்பெர்த்தோ எக்கோ எழுதிய ‘ரோஜாவின் பெயர்’ நாவலுக்கு, அதில் கொட்டிக் கிடக்கும் சரித்திரமும் சமயச் சர்ச்சையும் பலமா, பாரமா? இதுதான் தலைப்பு. ‘பலமே’ என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் ‘பாரமே’ என்று பேசியவர்கள் நிறைய கைதட்டல் வாங்கிவிட்டார்கள். பரவாயில்லை. அந்த நாவலைப் பாதியில் மூடி வைத்தவர்கள் இந்த அவையில் எத்தனை பேர் என்று அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1980-ல் இத்தாலியில் வந்த நாவல். எழுதியவர் பொலோனா பல்கலைக்கழகத்தில் குறியியல், அதாவது குறிகள் எப்படிப் பொருள் தருகின்றன என்று ஆராயும் துறையின் பேராசிரியர், அவருக்கு இதுதான் முதல் நாவல். அடுத்த வருடமே இத்தாலியின் பெரிய இலக்கியப் பரிசான ஸ்த்ரேகா கிடைத்தது. கதை நடப்பது 1327 நவம்பர் மாதக் கடைசியில், வட இத்தாலியில் ஒரு மலை மேல் இருக்கிற பெனடிக்ட் சபை மடத்தில். மொத்தம் ஏழு நாள். மடத்தில் துறவிகள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். பாஸ்கர்வில் வில்லியம் என்ற பிரான்சிஸ்கன் துறவி துப்பறிகிறார். அவர் கூடவே போன அட்ஸோ என்ற இளந்துறவி, தான் கிழவனான பிறகு இந்தக் கதையை எழுதுகிறார். மடத்துக்குள் புதிர்ப்பாதை போல ஒரு நூலகம், அதற்குள் யாருக்கும் காட்டாத ஒரு புத்தகம். முடிவையும் நான் உடைத்துத்தான் பேசப்போகிறேன். இத்தனை வருடம் கழித்து அதற்கு யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

எதிரணித் தலைவி அம்மா என்ன சொன்னார்? “பிரியாணி கேட்டு வந்தவனுக்கு வாய்க்கு வாய் ஏலக்காய் கடிபட்டால் எப்படி?” என்றார். அவை அதிர்ந்தது. நானும் தட்டினேன். ஆனால் அம்மா, ஏலக்காயை எடுத்து இலை ஓரத்தில் வைத்துவிட்டுப் பிரியாணியைச் சாப்பிடலாம். இந்த நாவலில் சமயச் சர்ச்சையை எடுத்து ஓரமாக வைத்தால், அதோடு கொலையும் போய்விடும். எப்படி என்று சொல்கிறேன்.

இந்தக் கொலைகளுக்குக் காரணம் என்ன? சொத்து இல்லை, பழிவாங்கல் இல்லை. சிரிப்பு! அரிஸ்டாட்டில் ‘கவிதையியல்’ என்ற தன் நூலின் முதல் பகுதியில் துன்பியல் நாடகத்தைப் பற்றி எழுதினார், அது நமக்குக் கிடைத்திருக்கிறது. நகைச்சுவையைப் பற்றி எழுதியதாகச் சொல்லப்படும் இரண்டாம் பகுதி உலகத்தில் எங்கேயும் கிடைக்கவில்லை. எக்கோ அந்த ஒற்றைப் பிரதியைக் கொண்டுபோய் இந்த மடத்து நூலகத்தில் ஒளித்து வைக்கிறார். ஹோர்ஹே என்ற கண் தெரியாத கிழவர் அதைக் காவல் காக்கிறார். அரிஸ்டாட்டிலே சிரிப்புக்கு மரியாதை கொடுத்துவிட்டால் சாமானியனுக்குப் பயம் போய்விடும், பயம் போனால் கடவுளும் போய்விடுவார் என்பது அவர் கணக்கு. அதனால் பக்கங்களில் விஷம் தடவுகிறார். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவன் தன் கையாலேயே சாகிறான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதன் சிரிப்புக்காக விஷம் வைப்பான் என்பதை நீங்களும் நானும் நம்ப வேண்டும். வாட்ஸப்பில் காலையில் எழுந்ததும் நாலு ஜோக்கைத் தள்ளிவிடுகிற நம்மை நம்பவைக்க வேண்டும். கடைசி அத்தியாயத்தில் ஒரு பத்தி எழுதி அதைச் செய்துவிட முடியுமா? கிறிஸ்து சிரித்தாரா, சிரிக்கவில்லையா என்ற கேள்விக்காகக் குரல் நடுங்கச் சண்டை போடுகிற மனிதர்கள் நடுவே நம்மை முதல் நாளே உட்கார வைத்தாக வேண்டும். எக்கோ அதைத்தான் செய்கிறார். செத்துப்போன முதல் துறவி அதெல்மோ ஓவியன். வேத நூலின் ஓரங்களில் முயல் நாயைத் துரத்துவது மாதிரித் தலைகீழ் உலகத்தை வரைந்தவன். அந்தப் படங்களைப் பார்த்துத் துறவிகள் சிரிக்கிறார்கள். பின்னாலிருந்து ஒரு குரல் கண்டிக்கிறது. அதுதான் ஹோர்ஹே. முதல் நாளே, எழுதுகூடத்திலேயே, கொலையாளி எழுந்து நின்று தன் காரணத்தைச் சொல்லிவிட்டார். வில்லியமுக்கும் கேட்டது, நமக்கும் கேட்டது. நாம்தான் “சரி, ஏதோ சாமியார் பேச்சு” என்று தள்ளிவிட்டோம்.

எதிரணியில் பேசிய தம்பி, முதல் நாள் அத்தியாயத்தையே தாண்ட முடியவில்லை, நூறு பக்கத்தில் மூடிவிட்டேன் என்றார். தம்பி, நீங்கள் மூடிய புத்தகத்துக்குள் கொலைக்கான காரணம் ஏற்கனவே வந்துவிட்டது!

இந்த நூறு பக்கப் பஞ்சாயத்து நாவல் அச்சாவதற்கு முன்பே தொடங்கியது. கையெழுத்துப் பிரதியைப் படித்த நண்பர்களும் பதிப்பாசிரியர்களும், முதல் நூறு பக்கம் ரொம்பக் கடினம், சுருக்குங்கள் என்றார்கள். எக்கோ மறுத்துவிட்டார். மடத்துக்குள் ஏழு நாள் வாழ வருகிறவன் மடத்தின் நடைக்கு ஒத்துவர வேண்டும், முடியாதவன் மலையடிவாரத்திலேயே நின்றுகொள்ளட்டும் என்கிற தொனியில் பின்னால் 1983-ல் எழுதவும் செய்தார். இதைத்தான் எதிரணி ‘திமிர்’ என்றது. திமிர்தான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எழுத்தாளர் திமிர் பிடித்தவரா என்பதற்குத் தீர்ப்புச் சொல்ல நாம் நடுவரை இங்கே உட்கார வைக்கவில்லை.

அடுத்து, ‘ஏழ்மை விவாதம்’. இதைச் சொன்னதும் எதிரணி மொத்தமும் கொட்டாவி விட்டுக் காட்டியது. நல்ல நடிப்பு. விஷயம் இதுதான். கிறிஸ்துவும் சீடர்களும் தங்களுக்கென்று எந்தச் சொத்தும் வைத்திருக்கவில்லை என்று 1322-ல் பெரூஜியா நகரில், ஏழ்மையை விரதமாகக் கொண்ட பிரான்சிஸ்கன் துறவிகள் கூடி அறிவித்தார்கள். அப்படிச் சொல்வது மதத் துரோகம் என்று 1323-ல் போப் 22-ஆம் ஜான் அறிவித்தார். அவர் இருந்தது ரோமில் அல்ல, பிரான்ஸ் பக்கம் அவிஞ்ஞோனில். அவருக்கு எதிராக நின்ற ஜெர்மன் மன்னன், பவேரியாவின் லூயி, பிரான்சிஸ்கன்களுக்கு ஆதரவாகச் சேர்ந்துகொண்டான். கிறிஸ்துவிடம் பணப்பை இல்லை என்றால் போப்பிடம் கஜானா எதற்கு என்ற கேள்வி தானாக வரும் இல்லையா? இந்தப் பிரச்சினையில் 1318-லேயே மார்சேயில் நான்கு துறவிகளை உயிரோடு எரித்திருந்தார்கள். அதனால் இரண்டு தரப்பும் சந்தித்துப் பேசப் பொதுவான இடமாக இந்த மடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வில்லியம் அங்கே வந்ததே அதற்காகத்தான். துப்பறியும் வேலை வந்த இடத்தில் ஒட்டிக்கொண்டது.

ஐந்தாம் நாள் காலை அந்த விவாதம் நடக்கிறது. அத்தியாயத் தலைப்பில் ‘சகோதர விவாதம்’ என்று போட்டுவிட்டு, உள்ளே வசைமாரி பொழிய வைக்கிறார் எக்கோ. நம்முடைய இந்தப் பட்டிமன்றம் எவ்வளவோ தேவலை. சரியாக அந்த அமளியில், மூலிகை வைத்தியம் பார்க்கும் செவெரினுஸ் வந்து வில்லியமைத் தனியாகக் கூப்பிட்டு, என் அறையில் ஒரு விசித்திரமான புத்தகம் கிடைத்திருக்கிறது என்கிறார். எல்லோரும் தேடுகிற புத்தகம்! வில்லியம் உடனே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. திரும்பிச் சபைக்குள் போய், அரசாங்கம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு நீண்ட உரை ஆற்றுகிறார். எதிரணி “வெட்டி எறியலாம்” என்று சொன்னதே, அதே உரைதான். அவர் பேசி முடிக்கிற நேரத்தில் செவெரினுஸ் மண்டை உடைந்து செத்துக் கிடக்கிறார்.

நடுவர் அவர்களே, இதை நீங்கள் கொஞ்சம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அந்த உரையைப் படிக்கிறபோது நமக்கு அலுப்பு வருகிறது, “போதும்யா, அந்த அறைக்குப் போ” என்று மனம் பதறுகிறது. அந்தப் பதற்றத்துக்குப் பெயர்தான் திரில்லர்! துரத்தலும் துப்பாக்கியும் இல்லாமல், அரசியல் தத்துவத்தை வைத்து நம்மைப் பதற வைத்திருக்கிறார். உரையை வெட்டிவிட்டால் செவெரினுஸ் சும்மா ஒரு பிணம். உரை இருப்பதால்தான், அறிவாளியின் பேச்சு ஆசை ஓர் உயிரைக் குடித்தது என்ற உறுத்தல் நமக்கு வருகிறது.

அதே அறையில் இன்னொன்றும் நடக்கிறது. தேடிய புத்தகம் அங்கேயே கிடக்கிறது, அட்ஸோ அதைக் கையில் எடுக்கவும் செய்கிறான். திறந்தால் அரபு எழுத்து. நாம் தேடுவது கிரேக்கப் புத்தகம் என்று வில்லியம் ஒதுக்கிவிடுகிறார். அந்தக் காலத்தில் பல நூல்களைச் சேர்த்து ஒரே கட்டாகத் தைப்பது வழக்கம். முன்னால் அரபு, அப்புறம் சிரியாக், அப்புறம் லத்தீன், கடைசியில்தான் கிரேக்கம். புத்தகங்களிலேயே ஊறிய வில்லியமுக்கு அந்த நேரத்தில் இது தோன்றவில்லை. பழைய ஏடுகளைப் பற்றி நாவல் பக்கம் பக்கமாகப் பேசுவது அலங்காரம் என்றார்கள். இல்லை, தடயம் இருப்பதே அங்கேதான்.

படம் பார்த்தால் போதுமே என்று ஒரு நண்பர் கேட்டார். 1986-ல் வந்த படம். ஷான் கானரி அருமையாக நடித்திருக்கிறார், எனக்கும் பிடிக்கும். ஆனால் பாரத்தை இறக்கி வைத்த பிறகு அந்தப் படத்துக்கு என்ன ஆயிற்று? சமய விசாரணை அதிகாரி பெர்னார்ட் கி ஜனங்கள் கையில் சாகிறார். அநியாயமாகப் பிடிபட்ட ஏழைப் பெண் பிழைத்துவிடுகிறாள். தியேட்டரில் விசில் அடிக்கலாம். நாவலில் அந்த அதிகாரி கைதிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு நிம்மதியாகக் கிளம்பிப் போகிறார். அந்தப் பெண்ணைக் காப்பாற்ற வில்லியமாலும் முடியாது, அட்ஸோவாலும் முடியாது. அவள் பெயர்கூட அட்ஸோவுக்குத் தெரியாது. நிஜமான பெர்னார்ட் கி 1331 வரை வாழ்ந்து, ஆயராகவே செத்தார். சரித்திரத்தை வெட்டினால் வேகம் மட்டும் கூடாது, பொய்யும் கூடும்.

எதிரணி கேட்காத ஒரு கேள்வியையும் நானே எடுத்துக் கொடுக்கிறேன். பெர்னார்ட் கி 1324-லேயே லொதேவ் நகருக்கு ஆயராகிவிட்டார். 1327-ல் அவரை விசாரணை அதிகாரியாக அலைய விட்டது எக்கோ எடுத்துக்கொண்ட சுதந்திரம். இதை நீங்கள் கேட்டிருந்தால் நான் கொஞ்சம் திணறியிருப்பேன். கேட்கவில்லை. ஏனென்றால் இந்த அளவுக்குத் தோண்ட, அந்தப் ‘பாரமான’ பக்கங்களைப் படித்திருக்க வேண்டும்.

கடைசியாக அவர்கள் வீசிய பெரிய குண்டு: துப்பறிகிறவர் தோற்றுவிடுகிறார், நூலகம் எரிந்துபோகிறது, இது வாசகனை ஏமாற்றுவது என்றார்கள். சாவுகள், பைபிளின் கடைசி நூலான திருவெளிப்பாட்டில் உலக முடிவுக்காக ஊதப்படும் ஏழு எக்காளங்களின் வரிசையில் நடப்பதாக வில்லியம் நம்புகிறார். அங்கே ஆலங்கட்டி, ரத்தம், தண்ணீர் என்று வருகிறது; இங்கே ஆலங்கட்டி மழை இரவில் ஒருவன், பன்றி ரத்த ஜாடியில் ஒருவன், குளியல் தொட்டித் தண்ணீரில் ஒருவன். வரிசை கச்சிதமாக அமைகிறது. கடைசியில் பார்த்தால் அப்படி ஒரு திட்டமே கிடையாது! முதல் சாவு தற்கொலை. செவெரினுஸைக் கொன்றது வேறு ஒருவன், வேறு காரணம். இதில் வேடிக்கை என்னவென்றால், வில்லியம் அந்த வரிசையை நம்புகிறார் என்று கேள்விப்பட்ட ஹோர்ஹே, ஓஹோ, இது கடவுளின் திட்டம்தான் போல என்று தானும் நம்ப ஆரம்பித்துவிடுகிறார். துப்பறிகிறவரின் தப்புக் கணக்கைக் கொலையாளி நிஜமாக்குகிறார். இப்படி ஒரு முடிச்சு வேண்டுமென்றால், திருவெளிப்பாட்டை வரிவரியாகப் பார்க்கிற, எதிலும் கடவுளின் கையெழுத்தைத் தேடுகிற ஓர் உலகம் முதலில் நம் முன்னே நிற்க வேண்டாமா? நான் படித்தவரையில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான முடிவைத் துப்பறியும் கதையில் பார்த்ததில்லை. ஏமாற்று என்றால், நான் சந்தோஷமாக ஏமாறுகிறேன்.

லத்தீன் வரிகளுக்கு அங்கங்கே பொருள் தராமல் விட்டது நமக்குக் கஷ்டம்தான். பள்ளிக்கூடத்தில் லத்தீன் படித்து வளர்ந்த இத்தாலிய வாசகர்களுக்கு அது அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. மொழிபெயர்ப்பாளர்கள் அடிக்குறிப்பு கொடுத்திருக்கலாம். அப்புறம் அந்த ஆலயத்து வாசல் வருணனை. அரியணை, இருபத்து நான்கு மூப்பர்கள், மிருகங்கள், பேய்கள் என்று அட்ஸோ ஒரு கதவைப் பார்த்துக்கொண்டு நிற்க, நாமும் பக்கம் பக்கமாகக் கால் கடுக்க நிற்கிறோம். எக்காளக் கதைக்கு அது முன்னோட்டம் என்று என்னால் வாதாட முடியும். ஆனாலும் கொஞ்சம் குறைத்திருக்கலாம். நடுவர் இதை எனக்கு எதிராகக் குறித்துக்கொள்ளட்டும், தடையில்லை.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். அடுத்துப் பேச வருகிற எதிரணி நண்பர் ‘பொதுவாகப் பாரம், மொத்தமாகப் பாரம்’ என்று பேசாமல், எந்த அத்தியாயத்தை வெட்டலாம் என்று இந்த மேடையில் குறிப்பாகச் சொல்லட்டும். அதை வெட்டினால் எந்தப் பிணம் காரணமில்லாமல் கிடக்கும் என்று நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்கிறேன். கதவை மட்டும் கேட்க வேண்டாம், அதை நானே கொடுத்துவிட்டேன். நன்றி, வணக்கம்.