நல்ல ராஜாவுக்கும் ஒரு பூட்டு

நடுவர் ஐயா அவர்களே, இரண்டு அணி நண்பர்களே, வடக்கு மாசி வீதியை அடைச்சு உட்கார்ந்திருக்கிற என் மதுரைச் சொந்தங்களே, வணக்கம்.

'அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தன்னாட்சியைக் காப்பது சட்டமா, மனிதர்களா?' இதுதான் தலைப்பு. நான் சட்டத்தின் பக்கம். எனக்கு முன்னாடி பேசின எதிரணித் தலைவர் கைதட்டலை மொத்தமா அள்ளிட்டுப் போயிட்டாரு. "சட்டப் புத்தகமா இன்டர்வியூ பண்ணுது? நாற்காலியில மனுஷன்தானே உட்கார்ந்திருக்கான்? அவன் நல்லவன்னா சட்டமே வேண்டாம், கெட்டவன்னா எந்தச் சட்டமும் செல்லாது"ன்னாரு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஐயா, இதை எந்த ஊர்ல நின்னு பேசுறோம்னு யோசிக்கணுமில்ல?

பாண்டியன் நெடுஞ்செழியன் கெட்டவனா? இந்த ஊர்ல யாராவது அப்படிச் சொல்லிடுவோமா? தப்புன்னு தெரிஞ்ச நிமிஷமே சிம்மாசனத்துல உயிரை விட்டவன். அப்படிப்பட்ட நல்லவன் ஆண்டும், ஒரு அப்பாவி தலை போச்சு. காரணம், அவனைக் கூப்பிட்டு விசாரிச்சே ஆகணும்னு ராஜாவைக் கட்டிப்போட ஒரு விதி இல்ல. இன்னைக்குத் தாலுகா ஆபீஸ் கிளார்க்குக்கு இருக்கிற பாதுகாப்புகூட கோவலனுக்கு இல்லீங்க. குற்றத்தைச் சொல்லி, பதிலைக் கேட்காம ஒரு அரசு ஊழியரை வேலையை விட்டுத் தூக்கக் கூடாதுங்கறது அரசியல் சட்டத்தோட 311-ஆவது பிரிவு. தண்டனை விஷயத்துல தேர்வாணையத்தையும் ஒரு வார்த்தை கேளுங்கறது 320. கோவலன் அரசு ஊழியர் இல்லையேன்னு நடுவர் சிரிக்கிறாரு. வியாபாரிதான், ஒத்துக்கறேன்.

அரசு வேலைக்கு ஆள் எடுக்கிற இந்த ஆணையம் டெல்லியில 1926 அக்டோபர் 1-ஆம் தேதி பிறந்தது. மாகாணங்கள்ல முதல்முதலா 1929-ல நம்ம மதராஸ்லதான். 1950-ல டெல்லி ஆணையம் யு.பி.எஸ்.சி.ங்கற மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆனப்போ, அரசியல் சட்டம் எழுதினவங்க "நல்ல ஆளா வருவாங்க"ன்னு விட்டுடல. உறுப்பினரைப் பிடிக்கலைன்னு எந்த மந்திரியும் அனுப்ப முடியாது. நடத்தைக் குற்றம்னா உச்ச நீதிமன்றம் விசாரிச்ச பிறகுதான் நீக்கம். பதவிக்கு வந்த பிறகு சம்பளத்துல கை வைக்க முடியாது. செலவு தொகுப்பு நிதியில இருந்து வருது, அதுக்கு நாடாளுமன்றத்துல ஓட்டெடுப்பே கிடையாது.

இதெல்லாம் சரி. எனக்குப் பிடிச்சது 319. யு.பி.எஸ்.சி. தலைவரா இருந்து இறங்கினவர், அப்புறம் மத்திய அரசுலயும் சரி, எந்த மாநில அரசுலயும் சரி, வேலை பார்க்க முடியாது. பதவிக்காலம் ஆறு வருஷம், இல்ல 65 வயசு, எது முன்னாடி வருதோ அதோட சரி. பெரிய மனுஷனை இப்படி அவமானப்படுத்தலாமான்னு கேட்கலாம். நம்ம ஊர்க் கணக்குல பாருங்க. உங்க வீட்டுல பொண்ணு எடுக்கலாம்னு மனசுக்குள்ள கணக்கு வச்சிருக்கிறவர், உங்க வரப்புத் தகராறுல நடுநிலையா நியாயம் பேசுவாரா? அந்தச் சம்பந்தமே நடக்காதுன்னு முதல்லயே அடிச்சுச் சொன்னதுதான் 319.

அதுலயும் ஒரு ஓட்டை இருக்கு, அதை நானே சொல்லிடறேன். கவர்னர் பதவி அரசு வேலைக் கணக்குல வராதுன்னு 1979-ல உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. அந்த வாசல் திறந்துதான் கிடக்கு. ஆனா அதை அடைக்கணும்னா எதை வச்சு அடைப்பீங்க? இன்னொரு நல்லவரை வச்சா, இன்னொரு வரியை வச்சா?

"ராமேஸ்வரத்தை மறந்துட்டீங்களா?"ன்னு எதிரணித் தம்பி கேட்டாரு. மறக்க முடியுமா, நம்ம தென்மாவட்டமாச்சே! 2019 செப்டம்பர் 1, குரூப் 4 தேர்வு. எங்கெங்கோ இருக்கிறவங்க ராமேஸ்வரம், கீழக்கரை மையத்தைத் தேடி வந்து எழுதினாங்க. மறையுற மையில எழுதின விடைத்தாள் சென்னைக்குப் போற வழியில மாறிச்சு. டி.என்.பி.எஸ்.சி. 99 பேருக்கு வாழ்நாள் தடை போட்டுச்சு. தம்பி, இது என் கட்சிக்குத்தான் சாட்சி. விடைத்தாள் கட்டைச் சில மனுஷங்க நேர்மையை நம்பி வண்டியில ஏத்திவிட்டாங்க, அங்கதான் போச்சு.

2016-லயும் அப்படித்தான். டி.என்.பி.எஸ்.சி.க்கு ஒரே மூச்சுல 11 உறுப்பினர்களை நியமிச்சாங்க. முறையா அலசிப் பார்க்காம போட்ட நியமனம்னு அந்த டிசம்பர்லயே சென்னை உயர் நீதிமன்றம் 11 பேரையும் ரத்து பண்ணுச்சு. அவங்க நல்லவங்களா, கெட்டவங்களா? அந்த ஆராய்ச்சிக்குள்ள போகவே தேவையில்லாம போச்சு.

ஆணையம் சொல்றதை அரசு கேட்டே ஆகணும்னு கட்டாயம் இல்லையேன்னு அடுத்து வர்றவங்க சொல்வாங்க. உண்மைதான், 1957-லயே உச்ச நீதிமன்றம் அதைச் சொல்லியாச்சு. ஆனா கேட்கலைன்னா ஏன் கேட்கலைன்னு எழுதி நாடாளுமன்றத்துல வைக்கணும், 323. நெடுஞ்செழியன்கிட்ட இப்படி ஒரு காரணம் எழுதி வாங்கியிருந்தா, எழுதும்போதே கை நடுங்கியிருக்கும்.

நத்தம் ரோட்டுல கலைஞர் நூற்றாண்டு நூலகத்துல போய்ப் பாருங்க. மேலூர்ல இருந்து பஸ் ஏறி வந்து, டிபன் பாக்ஸை ஓரமா வச்சுட்டுப் படிக்கிற பிள்ளைங்க. யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் தேர்வுல மெயின்ஸ் தமிழ்ல எழுதலாம், இன்டர்வியூவும் தமிழ்ல பேசலாம். மொத்தம் 2025 மார்க், அதுல 275 அந்த மேஜையில. எந்த போர்டுல உட்காரப் போறோம்னு அன்னைக்கு அங்க போனாத்தான் தெரியும். அந்தப் பிள்ளைக்கு டெல்லியில மாமனும் இல்ல, மச்சானும் இல்ல. போர்டுல இருக்கிறவர் தங்கமானவரான்னு விசாரிச்சுட்டா அது ரயில் ஏறுது?

நடுவர் மணியைத் தொடறாரு, ஒரு நிமிஷம் ஐயா. அடுத்துப் பேச வர்ற எதிரணி அம்மாவுக்கு ஒரே வேண்டுகோள். 319-ஐ அழிச்சுட்டு, நல்ல ஆளா பார்த்துப் போட்டுக்கலாம்னு உங்க அணி ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. அந்த நல்ல ஆள் யாருன்னு பேரையும் சேர்த்து எழுதிடுங்கம்மா. நன்றி, வணக்கம்.