கேட்டது கிடைக்காத ஜெபம்

அன்பான நேயர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

சாட்சி சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்டது கிடைத்த கதையைத்தான் சொல்வார்கள். நோய் தீர்ந்தது, கடன் அடைந்தது, பிள்ளைக்கு வேலை கிடைத்தது. எல்லாம் சந்தோஷமான விஷயம்தான். ஆனால் வருடக்கணக்கில் ஜெபித்தும் தீராத வியாதியோடு படுத்தபடி இந்த வானொலியைக் கேட்கிறவருக்கு எப்படி இருக்கும்? 'எனக்குத்தான் விசுவாசம் போதவில்லையோ' என்று மனசு குத்தும். இன்றைக்கு நான் பேச நினைப்பது அவரோடுதான்.

டாக்டர் மேரி வர்கீஸ் என்ற பெயரை வேலூர்ப் பக்கத்துக்காரர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1925-இல் கேரளத்தில், கொச்சிக்கு அருகே செராயியில் பிறந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், அதாவது சி.எம்.சி.யில், மருத்துவம் படித்து, அங்கேயே மகப்பேறு மருத்துவத்தில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார். 1954-இல் சக மருத்துவர்களோடு வெளியே போனபோது வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பலத்த காயம். முதுகுத் தண்டும் பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் போயிற்று. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

அந்தக் காலத்தில் நம் நாட்டில் முதுகுத் தண்டு அடிபட்டவர்களின் நிலைமை என்ன தெரியுமா? நடக்க முடியாததை விடுங்கள், படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே ஆளைக் கொன்றுவிடும். மருத்துவரான மேரிக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே படுத்திருப்பது எவ்வளவு கொடுமை!

அவர் நடக்க வேண்டும் என்று ஜெபித்தார். கடைசிவரை நடக்கவில்லை.

சி.எம்.சி.யில் அப்போது டாக்டர் பால் பிராண்ட் இருந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, தசைநார்களை இடம் மாற்றிப் பொருத்தி மறுபடி வேலை செய்ய வைத்தவர் அவர். கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம். நின்று செய்ய வேண்டிய பிரசவ அறையின் கதவு மேரிக்கு மூடிவிட்டது. இந்தக் கதவு திறந்திருந்தது. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அவர் தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்யத் தொடங்கினார். நோயாளி மேசைக்கு நடந்து வருகிறார், மருத்துவர் நாற்காலியில் உருண்டு வருகிறார். ஊரும் உறவும் ஒதுக்கிவைத்த அந்த மனிதர்களுக்கு, தங்களுக்கு வைத்தியம் பார்க்கிறவரும் இழந்தவர்தான் என்பதைப் பார்ப்பதே பெரிய தெம்பாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

அப்புறம் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்திலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவத்தைக் கற்றுத் திரும்பினார். 1966-இல் வேலூர் பாகாயத்தில், நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு நிலையம் உருவானது. இந்தியாவில் இந்த வகையில் அதுதான் முதலாவது. மரத்திலிருந்து விழுந்தவர், கிணற்றுக்குள் விழுந்தவர், வண்டி மோதியவர் எல்லோரும் வந்தார்கள். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, புண் வராமல் உடம்பைப் பார்த்துக்கொள்வது, உட்கார்ந்தபடி பிழைக்க ஒரு தொழில் பழகுவது என்று எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார்கள். 1972-இல் அரசு மேரிக்கு பத்மஸ்ரீ விருது கொடுத்தது. 1986-இல் அவர் காலமானார். அந்த நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நடக்கிறது.

"கால்களைக் கேட்டேன், சிறகுகள் கிடைத்தன" என்று அவர் சொன்னதாக மேடைகளில் அடிக்கடி எடுத்துச் சொல்வார்கள். அழகான வரிதான். ஆனால் தயவுசெய்து அதை நேற்று விபத்தில் அடிபட்டவரின் கட்டிலருகே போய்ச் சொல்லிவிடாதீர்கள். வருடக்கணக்கான வலியையும் உழைப்பையும் கடந்து ஒருவர் தன் வாழ்க்கையைப் பார்த்து அப்படிச் சொல்லலாம். பார்க்க வந்தவர், கையில் ஆப்பிள் பையோடு, அடுத்தவர் வாழ்க்கையைப் பற்றி அதைச் சொல்லக் கூடாது.

பவுல் அப்போஸ்தலரும் இந்த வரிசையில் நிற்கிறவர்தான். தன் உடம்பில் ஒரு முள் இருப்பதாக எழுதுகிறார். அது நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் மட்டும் வந்தது. பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? அந்த முள் என்ன என்பதைக்கூட அவர் சொல்லவில்லை. அது நல்லதுதான். நாம் ஒவ்வொருவரும் நம்முடையதை அங்கே வைத்துப் பார்க்கலாம்.

சங்கீதம் 88-ஐ வாசித்திருக்கிறீர்களா? சபையில் அதை அதிகம் வாசிக்க மாட்டார்கள். முழுக்கப் புலம்பல். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது, இருட்டிலேயே முடியும். ஆனாலும் அதை யாரும் வேதத்திலிருந்து நீக்கவில்லை. "கர்த்தாவே, என் ஆத்துமாவைத் தள்ளிவிடுகிறதென்ன?" என்று அவரிடமே கேட்கிறான் அந்த மனிதன். கோபமாக இருக்கிறான், ஆனால் பேச்சை நிறுத்தவில்லை. என் கணக்கில் அதுவும் விசுவாசம்தான். ஸ்தோத்திரம் சொல்ல நா எழும்பாத நாட்களில் இந்தச் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். நீங்களாக வார்த்தை தேட வேண்டியதில்லை.

சரி, நேரம் குறைவாக இருக்கிறது. படுத்த படுக்கையாய் இருப்பவரைக் கவனித்துக்கொள்ளும் அம்மாமார்களுக்கும் மனைவிமார்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்கிறீர்களே, ராத்திரியிலும் அலாரம் வைத்து எழுந்திருக்கிறீர்களே, அந்த நேரத்தில் முழங்கால் போட்டு ஜெபிக்க முடியவில்லை என்று வருத்தப்படாதீர்கள். பக்கத்து வீட்டில் யாராவது ஒருநாள் ராத்திரி வந்து பார்த்துக்கொள்ளத் தயாராக இருந்தால், கூச்சப்படாமல் சரி என்று சொல்லுங்கள். சபையில் இருக்கிறவர்களே, 'இன்று ராத்திரி நான் பார்த்துக்கொள்ளட்டுமா' என்று கேட்கிற ஆளாக நீங்கள் இருங்கள். ஜெபக் குறிப்பு எழுதிக்கொண்டு போவதோடு, அந்த வீட்டில் யார் எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்பதையும் விசாரியுங்கள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.